கட்டைவிரல்

தண்ணீரைக் கையால் அடித்து நுரை கிளப்பிக்கொண்டிருந்தேன். அசையாத நீர் கண்ணை ஏமாற்றும். மேலிருந்து குதிப்பவருக்கு அது எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும்.

என் தொழில் என்னவென்று கேட்டால், "தண்ணி அடிக்கிறார்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள் என் மனைவி.

மேடை எட்டு மாடி உயரம். அங்கிருந்து விழுந்தால் தண்ணீரும் தரையும் ஒன்றுதான். பாதம்தான் முதலில் இறங்க வேண்டும். கால்கள் கொஞ்சம் விலகினாலும் ஆஸ்பத்திரி. நேராக இறங்கினாலும் சிலசமயம் மூளை குலுங்கிவிடும், வெளியே தெரியாது.

குதித்தவர் மேலே வந்ததும் கட்டைவிரலைக் காட்ட வேண்டும், பாதுகாப்புக்காகத் தண்ணீரில் காத்திருக்கும் எனக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் திருப்தி இல்லையென்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைப்பேன். அத்தோடு அவருக்குப் போட்டி முடிந்தது. நடுவர்கள் தலைகீழாக நின்றாலும் மாறாது.

இத்தனை வருடத்தில் என் கணிப்பு தப்பியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெண் மேடை நுனிக்கு வந்தாள். அதுவரை அவள்தான் முதலிடம். இதற்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு குதி. அதையும் முடித்துவிட்டால் கோப்பை அவளுக்கு. அதற்காக நாயாய் உழைத்தவள்.

காற்றில் உருண்டாள், நிமிர்ந்தாள், நேராக இறங்கினாள். புதுத்துணியைக் கிழித்தது போல ஒரே சத்தம். அப்பழுக்கில்லாத குதி என்று அடித்துச் சொல்வேன்.

மேலே வந்தாள். சிரித்தாள். கட்டைவிரல் உயர்ந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

பக்கத்தில் நீந்திப் போனேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன், அப்பா."

மூச்சு சீராக இருந்தது. கண்ணில் மயக்கம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் தட்டிக்கொடுத்து மறுபடி மேலே அனுப்பியிருப்பார்கள்.

போட்டி என்று வந்துவிட்டால் என் மகளுக்கு நான் 'சார்'தான். அப்பன் தயவில் ஜெயித்தாள் என்று ஒருத்தரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாதாம். அவளே போட்ட சட்டம். தண்ணீருக்குள் ஒருநாளும் அவள் அதை மீறியதில்லை.

கைகளை உயர்த்திக் குறுக்காக வைத்தேன்.

கைதட்டல் பாதியில் நின்றது. கரையிலிருந்து அவளுடைய பயிற்சியாளர் கத்த ஆரம்பித்தார். அவர் கத்தட்டும். படுக்கவைத்துத் தூக்கும் பலகை வரும்வரை அவள் கழுத்து அசையாமல் இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டேன்.

அவள் சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன்.

வரவில்லை.