தலைவரின் மொடியூல்

கணினிக்கு இனித் தமிழே எசமானி. ஆங்கிலம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரட்டும்.

தமிழ் நிரல்மொழிக் குழுவின் தலைவர் பொன்னம்பலம் வெள்ளவத்தை மண்டபத்தில் இதைச் சொல்லி முடிக்க, ஒலிவாங்கி கீச்சிட்டது. அவர் அதையும் கைதட்டலில் சேர்த்துக்கொண்டார்.

தமிழிலேயே கட்டளை எழுதும் நிரல்மொழி தயார். குழுவில் ஆளாளுக்குத் தன் பெயரில் ஒரு மொடியூல், அதாவது நிரலில் ஒரு பகுதி, வேண்டும் என்று நின்றதால், ஆளுக்கொன்று கொடுத்தாயிற்று. தன்னுடையதைப் பொன்னம்பலம் தானே எழுதினார்.

இனி முன்வரிசையில் இருக்கும் றுஷ்னா தலையாட்ட வேண்டும். அவளுடைய நிறுவனம் கை கொடுத்தால் மொழி பிழைக்கும். இல்லாவிட்டால் இன்றோடு சரி.

"தம்பி, முழுதையும் திறந்து காட்டுங்கோ" என்றார் பொன்னம்பலம்.

நிரல் எழுதத் தெரிந்த ஒரே ஆளான கொட்டாஞ்சேனைக் கிறிஸ்ரி திறந்தான். அவன் செய்த செருகுநிரல், செயற்றிட்டத்தைத் திரையில் ஒரு மரமாக விரித்தது. கிளைக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு பெயர். எல்லாம் பச்சை.

உச்சிப் பெட்டி மட்டும் சாம்பல். பெயர்: பொன்னம்பலம்.

வேலை செய்யும் மொடியூல் பச்சை, ஒருவருக்கும் தேவைப்படாதது சாம்பல். "நல்லம், சோம்பேறியள் பிடிபடுவினம்" என்று நேற்று மெச்சியவரே அவர்தான்.

"சேர் மட்டும் ஏன் சாம்பல்?" என்றாள் றுஷ்னா.

"அது... தலைமைக்குரிய நிறம், மிஸ்."

உபதலைவர் ஸாலிஹ் எழும்பினார். "அப்ப எனக்கு ஏன் பச்ச? ஒங்கள விட நான் மூணு வயசு மூப்பு."

"இருங்கோ, ஹாஜியார்."

"இல்ல, தம்பி சொல்லட்டும். என்ட மொடியூல் என்ன வேல செய்யுது?"

பொன்னம்பலம் கண்ணால் கெஞ்சினார். கிறிஸ்ரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டால் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம்.

தலைவரின் மொடியூலுக்குள் கட்டளை ஒன்றும் இல்லை, அவருடைய வாழ்த்துரைதான் இருக்கிறது என்றான். அதை வாசிக்கப்போனால் கணினி அப்படியே நின்றுவிடுமாம்.

றுஷ்னா கையெழுத்துக்கு எடுத்த பேனையை மூடிக் கைப்பைக்குள் போட்டாள்.

ஸாலிஹின் மொடியூலுக்கு ஒரே வேலை: தலைவருடையதைத் திறக்காமல் தாண்டிப் போவது.