நடுவில் நின்ற செடி

நீர்ச்செடித் தொட்டிகளுக்கான போட்டிக்குப் படம் எடுக்க மறுநாள் ஆள் வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் காலையில்தான் ஜெனோவா, தன் கண்ணாடித் தொட்டியின் நடுவில் நின்ற சிவப்புச் செடியை வெட்டப்போவதாகச் சொன்னாள். எட்டு மாதமாக வெளிச்சத்தையும் கார்பன் டை ஆக்சைடு குமிழ்களையும் அளந்து அளந்து விட்டு அந்த நிறத்துக்குக் கொண்டுவந்த செடி.

“வர்றவங்க எல்லாரும் பாக்குறதே அதத்தானே?” என்றான் கணவன் அமல்ராஜ்.

“அதான் வெட்டுறேன். பின்னாடி இருக்கிறத யாருமே பாக்கலங்க.”

கையை முழங்கைவரை நீருக்குள் விட்டு, வளைந்த கத்தரியால் அடித்தண்டை வெட்டினாள். மிதந்து வந்த செடியை வாளியில் போடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தொட்டிக்கு மேலிருந்த விளக்கின் வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே இறங்கியது. இரண்டு கற்களுக்கு நடுவே பாசி படர்ந்த ஒரு சந்து தெரிந்தது. அது வளைந்து வெகுதூரம் போவதுபோல் இருந்தது. மீன்கள் ஒவ்வொன்றாக அதற்குள் நுழைந்தன.

அமல்ராஜ் எழுந்து தொட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது. திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தான்.

“விளக்க அணைக்கட்டுமா?” என்றாள் ஜெனோவா.

“கொஞ்சம் இரு” என்றான்.