அறுபது சென்ட் தேசம்

"காசிநாதன் இந்த நெலத்த வெலைக்குக் கேட்டானா, இல்லியா? அத மட்டும் சொல்லும்மா."

வரப்பில் நின்றபடி தனசேகரன் கேட்டார். அம்சவள்ளி கரும்பின் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டே இருந்தாள்.

கச்சிராயபாளையம் வாய்க்கால் ஓரமாகத் தனசேகரனுக்கு நாற்பது ஏக்கர். காசிநாதனுக்கு முப்பத்தைந்து. இரண்டுக்கும் நடுவே, இறந்துபோன கணவன் மாயவன் விட்டுச் சென்ற அறுபது சென்ட்டில் அம்சவள்ளியின் கரும்பு. அது காசிநாதனின் போர்வெல் தண்ணீரில் வளர்ந்து, தனசேகரனின் கொல்லை வழியாகத்தான் ஆலைக்கு லாரி ஏற வேண்டும். இருவரில் ஒருவர் மறித்தாலும் நிலத்தை விற்றுவிட்டு அவள் கூலி வேலைக்குத்தான் போக வேண்டும். அந்த இருவரோ பஞ்சாயத்துத் தேர்தலில் முட்டிக்கொண்டு, எட்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"மூணு வருஷமா ஒனக்குத் தண்ணிய சும்மா வுடறான். இன்னாத்துக்கு? தர்மத்துக்கா? நெலத்து மேல கண்ணு."

ஒரு சோகை கீழே விழுந்தது. அடுத்ததற்குக் கை நீண்டது.

"எனக்கு ஒன் நெலம் வாணாம். அவன் கைக்குப் போவக்கூடாது, அவ்ளோதான். போச்சுன்னா என் வரப்பு வரிக்கும் வந்து ஒக்காந்துக்குவான்."

அதற்கும் மௌனம்தான். காசிநாதன் கேட்டுவிட்டான் என்பது தனசேகரனுக்கு உறுதியாகிவிட்டது. கேட்காவிட்டால் 'இல்லை' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

தினமும் பேப்பரில் உலகச் செய்தி வரை படிக்கிறவர் அவர். குரலைத் தணித்துக்கொண்டார்.

"நேபாளத்த எடுத்துக்க. ஒரு பக்கம் நாம, இன்னொரு பக்கம் சீனாக்காரன். நடுவுல மாட்டிக்கின சின்ன நாடு, யாரயாவது ஒருத்தரப் புடிச்சிக்கினுதான் பொழைக்கணும்."

"அந்த நாடு இன்னும் இருக்குதுங்களாண்ணா?"

"இருக்குது. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லீங்க. இருந்தா சரி."

கரும்புத் தோகைகள் மட்டும் உரசிக்கொண்டன. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் தனசேகரனே முடிவுக்கு வந்தார்.

"வருஷா வருஷம் பாதைக்கு எங்கிட்ட வந்து நிக்கறதுதான ஒன் கொற? பத்திரமாவே எழுதித் தந்துடறேன். காலம் பூரா ஒன் லாரி என் கொல்லையில போவலாம். ஆனா ஒண்ணு. நெலத்த அவனுக்கு விக்கக்கூடாது."

"விக்க மாட்டேங்கண்ணா."

"சத்தியமா?"

"சத்தியமாங்க."

ஒரு சின்ன நாட்டைத் தன் பக்கம் இழுத்துவிட்ட நிம்மதியோடு அவர் பைக்கை உதைத்தார்.

வியாழக்கிழமை பத்திரம் பதிவானது. கையெழுத்து முடிந்ததும் அம்சவள்ளி லேசாகச் சிரித்து, கும்பிட்டுவிட்டு, டவுன் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

தனசேகரன் வெளியே வந்தபோது, பதிவு அலுவலக வாசல் பெஞ்சில் காசிநாதன் உட்கார்ந்திருந்தார். ஏதோ வில்லங்கச் சான்றிதழுக்கு வந்தவர். ஜெயித்தவர்தானே முதலில் பேச வேண்டும். எட்டு வருஷத்துக்குப் பிறகு தனசேகரன் வாயைத் திறந்தார்.

"அம்சவள்ளி நெலத்த இனிமே நீ கனவுல கூட வாங்க முடியாது, காசி. பாதைய எழுதிக் குடுத்துட்டேன். ஒனக்கு விக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டா."

காசிநாதன் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"எனக்கா? நான் எப்பய்யா அத கேட்டேன்? நீ வாங்கிடப்போறன்னு பயந்துக்கினுதான் இத்தினி வருஷமா தண்ணி வுட்டேன். போன திங்கக்கெழம அதயும் பத்திரமா எழுதிக் குடுத்தேன். ஒனக்கு விக்க மாட்டேன்னு எங்கிட்டயும் சத்தியம் பண்ணாளே."

"நானா? நானும் கேக்கவே இல்லியே. நீ கேட்டுக்கினு இருக்கறதா அவதான..."

"அவ சொன்னாளா?"

தனசேகரன் யோசித்துப் பார்த்தார். மூன்று வருஷமாக அந்த வரப்பில் கேள்வி கேட்டதும் அவர்தான், பதிலைச் சொல்லிக்கொண்டதும் அவர்தான்.