ஒரு வளையத்துக்காக

பெரிய பெட்டியின் மூட்டில் சோப்பு நுரையைத் தடவியதும் குமிழ்கள் கிளம்பின. கசிவு அங்கேதான். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, பிரகாசியின் இட்லிக் கடை அடுப்புகளுக்குக் கொடுக்கும் பெட்டி அது. உள்ளே ஒரு ரப்பர் வளையம் வெடிப்பு விட்டிருந்தது. கடை மூடிக் கிடந்ததால் துறைமுகத்து ஆட்கள் எதிர்க்கடைக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டி விற்கும் கொழுந்தன் மிக்கேல் கையை விரித்தான். "வளையம் மட்டும் வேணும்னா, வீட்டுக்குன்னு வர்ற சின்னப் பெட்டி முழுசுக்கும் ஆகுறதைவிட விலை கூட, மதினி."

"வடையைவிட வடையோட ஓட்டைக்கு விலை கூடவால?"

"வீட்டுப் பெட்டி மனுசக் கை படாம லட்சக்கணக்குல இறங்குது. ஒத்த வளையம்னா ஒருத்தன் தேடி எடுத்து, பொதிஞ்சு அனுப்பணும். அந்தக் கைக்குத்தான் காசு."

"அப்ப பெரிய பெட்டியையே மலிவாக் குடு."

"அது வருசத்துக்கு நாலுதான் செய்வான். கடையை வித்தாத்தான் வாங்கலாம்."

"வீட்டுப் பெட்டிக்குள்ள இருக்குறதும் இதே வளையந்தானே?"

"அதேதான். ஆனா அந்தப் பெட்டியை வச்சு ஒரு அடுப்புதான் எரியும்."

பிரகாசி பல்லைக் கடித்தபடி ஒரு வீட்டுப் பெட்டியை வாங்கி வந்தாள். அட்டையைக் கிழித்து, திருகாணிகளைக் கழற்றி, வளையத்தை உருவினாள். ஒரு நாள்கூட ஓடாத பெட்டி குப்பைத்தொட்டிக்குப் போனது.

வளையத்தைப் பெரிய பெட்டியில் மாட்டி மறுபடி நுரை தடவினாள். ஒரு குமிழும் வரவில்லை.