பூட்டின் முன் மூன்று பொம்மைகள்

ஒரு சாகச ஆட்டப் பெட்டியில் மூன்று பொம்மைகள் இருந்தன. அவற்றின் பீடங்களில் மாவீரன், மந்திரவாதி, திருடன் என்று பெயர் பொறித்திருந்தது. ஆட்டத்தில் மூவரும் பூட்டிய கதவுள்ள ஒரு குகைக்குள் அடைபட்டார்கள், வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது.

"திருடா, என் பைப்பக்கம் வராதே!" என்றான் மாவீரன்.

"பெயர் வைத்தவர்கள் என்னைக் கேட்கவில்லை, அண்ணா."

மந்திரம் பலிக்கவில்லை. ஒரு கையால் சுருக்குப்பையைப் பிடித்தபடியே மாவீரன் வாளை வீசினான், கதவு அசையவில்லை. வெள்ளம் கழுத்தைத் தொட்டது.

திருடன் பூட்டில் காதை வைத்து, உறங்கும் குழந்தையின் மூச்சைக் கேட்பவன்போலக் கண்மூடி நின்றான். விரல் மெல்ல அசைந்தது. கதவு ஓசையின்றித் திறந்தது, வெளியே இளவெயில்.

"நீங்கள் முன்னே போங்கள்" என்று அவன் ஒதுங்கினான்.

மாவீரன் வாளையும் பையையும் விட்டான். அவன் இரு கைகளும் தாமாகக் குவிந்தன.