பெட்டிக்கு வெளியே நீண்ட கால்கள்

சவத்தை வைக்க வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டி தேவசகாயத்துக்குப் போதவில்லை. ஏழடி உடம்பு. மாநிலக் கூடைப்பந்துப் போட்டிகளில் அவர் குவித்த புள்ளிகளை இன்றுவரை எவனும் தாண்டியதில்லை. பெட்டிக்காரர் கால்பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பாதங்கள் இரண்டும் வெளியே நீண்டன.

“மக கனடாவுலேருந்து வர நாளைக்கு ஆயிரும் மதினி. கால்ல இத வைங்க,” என்று கொழுந்தன் ஐஸ் பையை நீட்டினான்.

ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கணவரின் பாதங்களை மடியில் தாங்கிக்கொண்டாள். ஆட்டம் முடிந்து வந்தால் வீங்கிய கால்களை இப்படித்தான் நீட்டுவார். ஐஸ் பட்டதும், “கொல்லுதாளே பாவி!” என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். அவளுக்குச் சிரிப்பு தாங்காது.

ஐஸை உள்ளங்காலில் அழுத்தினாள். தன் விரல்கள் மரத்துப்போன பிறகும் எடுக்கவில்லை.

“கத்துங்களேன்,” என்றாள்.