காலித் தட்டின் கௌரவம்

டிவி அலமாரியில் இரண்டு டிவிடி தட்டுகள் இருந்தன. ஒன்று, அழித்து அழித்து எழுதக்கூடிய ரகம். மற்றது ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். அழிதட்டில், வீட்டுப் பெண் மகிழினி பள்ளி நாடகத்தில் வசனம் மறந்து சிரித்துவிட்ட காட்சி இருந்தது. அதற்கு வேறு நகல் கிடையாது. மற்ற தட்டு வாங்கிய நாள் முதல் காலி.

அன்று கிரிக்கெட் இறுதிப் போட்டி. "பதிவு பண்ணணும், ஒரு டிவிடி எடு" என்று கூடத்தில் குரல் கேட்டது.

அழிதட்டு பதறியது. "நீ போய்யா, உன் வயிறு காலியாத்தானே கிடக்கு? நான் போனா மகிழினியை அழிச்சிடுவாங்க."

"எனக்கு இருக்கறது ஒரே ஒரு தடவை. அதை ஒரு மேட்சுக்கா கொடுப்பேன்? உன்னை அழிச்சா மறுபடி எழுதிக்கலாமே."

"என்னத்தைடா எழுதுவாங்க? அந்தச் சிரிப்பையா? பெரிய மகாராஜா! எதுக்காக இப்படிக் காத்துக் கிடக்கே?"

"எனக்குத் தகுந்தது வரும்" என்ற காலித் தட்டு, மெல்லச் சரிந்து பழைய ரிமோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

உள்ளே வந்த கை, எட்டியதை எடுத்துக்கொண்டு போனது.

ஆட்டம் முடிந்து திரும்பியபோது அழிதட்டு கொதித்துக்கொண்டிருந்தது. காலித் தட்டைக் கண்டதும், "பாவி! உன்னைச் சும்மா விடமாட்டேன்!" என்று கத்தியது.

"ஏன், நான் என்ன பண்ணினேன்?"

பதில் சொல்ல வாயெடுத்த அழிதட்டு அப்படியே நின்றுவிட்டது. இத்தனை ஆத்திரம் எதற்கு என்று உள்ளே தேடத் தேட, பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடுவது மட்டுமே தெரிந்தது.